‘ஆயா, போத்தனூர்’: வெள்ளையராகத் தம்மைக் காட்டிக்கொண்டு போனவர்களும் வீட்டில் நின்றவர்களும் (அனுபவப் பகிர்வு)

போத்தனூர்க்காரர்:

என் பாட்டியின் தங்கையை எங்கள் வீட்டில் ‘சட்டைக்காரர் வீட்டுச் சின்னப் பாட்டி’ என்றுதான் குறிப்பிடுவார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்த ஆங்கிலோ இந்தியர் (ஊர்ப் பேச்சில் சட்டைக்காரர்) ஒருவரை அவர் கோயிலில் முறைப்படி மணந்தார். ஆனாலும் எங்கள் பக்கத்தில் அதைக் கல்யாணம் என்று யாரும் சொன்னதில்லை. ‘போய்விட்டாள்’ என்றே சொன்னார்கள். கோவையை அடுத்த போத்தனூர் ரயில்வே காலனியில் கவுன் அணிந்திருப்பார்; எங்கள் வீட்டுக்கு வரும்போது சேலை கட்டிக்கொண்டு கொல்லை வாசல் வழியாக வருவார். ஆக, அவரை மறைக்கும் வேலையை முதலில் தொடங்கி வைத்தவர்கள் நாங்கள்தான் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டே மற்றதைச் சொல்ல வேண்டும்.

அவருக்கு இரண்டு மகன்கள். பெரிய மாமா தகப்பனைப் போல வெளுத்த மேனியும் பூனைக் கண்ணுமாக இருந்தார். சின்ன மாமா தாயைக் கொண்டு நல்ல கறுப்பு. தகப்பனார் இறந்த பிறகு, பெரிய மாமாவின் அலுவலக நண்பர்கள் வீட்டுக்கு வந்த ஒரு மாலையில், தேநீர்த் தட்டை வைத்துவிட்டுப் போன சின்னப் பாட்டியைப் பார்த்து வீட்டு வேலைக்காரி என்று எண்ணி, ‘உங்கள் ஆயாவா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரிய மாமா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணன் அன்று பொய் சொல்லவில்லை, கேட்டவரைத் திருத்தவில்லை, அவ்வளவுதான் என்று சின்ன மாமா பிற்காலத்தில் எனக்கு மிகுந்த நிதானத்தோடு விளக்கியிருக்கிறார். ஆனால் அந்தச் சொல் வீட்டிலேயே தங்கிவிட்டது. சில ஆண்டுகளில், வாசலுக்கு வரும் தபால்காரரிடம் ‘துரை வெளியே போயிருக்கிறார்’ என்று தம் மகனைப் பற்றிச் சின்னப் பாட்டியே சொல்லப் பழகிக்கொண்டார்.

நம் அரசியல் சாசனத்தின் 366(2) பிரிவு, தகப்பன் வழியில் ஐரோப்பிய மூதாதை இருந்து, இந்தியாவில் குடியிருப்பவர்களுக்குப் பிறந்து, இங்கேயே வாழ்பவரை ஆங்கிலோ இந்தியர் என்கிறது. தாய் யார் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. கேட்டது, அன்று வெள்ளையரைக் குடியேற்றவே விரும்பிய ஆஸ்திரேலியா. 1947 ஆகஸ்டில் ‘மனூரா’ என்னும் கப்பலில் நூற்றுக்கணக்கான ஆங்கிலோ இந்தியர் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் போய் இறங்கியபோது, அவர்களில் பலர் எதிர்பார்த்த அளவுக்கு வெள்ளையாக இல்லை என்று அங்கே சலசலப்பு எழுந்தது. அதன் பிறகு வம்சத்தோடு முகத்தோற்றத்தையும் அதிகாரிகள் கூர்ந்து பார்த்தார்கள். பெரிய மாமா 1953இல் போனார். விண்ணப்பத்தில் தாயார் கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கீசிய வம்சம் என்று எழுதியதாகச் சின்ன மாமா சொல்வார். சின்ன மாமா விண்ணப்பிக்கவே இல்லை. ஒரே தாய் தகப்பன், ஒரே ஞானஸ்நானப் பதிவேடு என்றாலும், அவருடைய புகைப்படம் அந்த அலுவலக மேசைக்குப் போயிருந்தால் அண்ணனுடைய போர்த்துக்கீசியப் பாட்டனார்களுக்கும் சேர்த்து ஆபத்து வந்திருக்கும்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரும். புகைப்படம் வராது, இங்கிருந்து அனுப்பவும் கூடாது. 1968இல் சின்னப் பாட்டி இறந்தபோது தந்தி கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து வங்கி வரைவோலையோடு வந்த கடிதத்தில், ‘ஆயாவின் அடக்கச் செலவுக்கு’ என்று எழுதியிருந்தது. மனைவி படிப்பாள் என்று நினைத்து அப்படி எழுதியிருப்பான் என்று சின்ன மாமா சமாதானம் சொன்னார். என் அம்மா அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை.

2018இல் பெரிய மாமாவின் பேத்தி என்னைத் தேடி வந்தார். மரபணுச் சோதனை ஒன்றில் தென்னிந்திய வம்சம் என்று வந்ததும், முதலில் சோதனைக்கூடத்தின் தவறு என்று எண்ணினாராம். கையில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது: இரண்டு பையன்கள், ஓரத்தில் ஒரு பெண், பின்பக்கத்தில் பெரிய மாமாவின் கையெழுத்தில் ‘ஆயா, போத்தனூர்’. அந்தப் பெண் யார் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எழுபத்திரண்டு வயதில் என் தலையில் விழுந்தது. சொன்னேன். வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘அப்பாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம்’ என்று அவர் கேட்டுக்கொண்டார். நானும் சரி என்றேன்.

கொல்கத்தாவில் பணியாற்றியவர்:

வங்கிப் பணியில் கொல்கத்தாவில் இருந்த நாட்களில், ஆங்கிலோ இந்திய மூதாட்டி ஒருவரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஹாலிவுட் நடிகை மெர்ல் ஓபரான் பேச்சை எடுத்தால் அவருக்குப் பெருமையும் கோபமும் ஒரே மூச்சில் வரும். 1911இல் பம்பாயில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்து, 1935ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காக ஆஸ்கர் விருதின் சிறந்த நடிகைக்கான பரிந்துரைவரை சென்றவர் மெர்ல். உலகுக்கு அவர் சொன்ன ஊரோ டாஸ்மேனியாவின் ஹோபார்ட். தம்மைத் தாயாக வளர்த்து லண்டனில் தம்மோடு வாழ்ந்த, இலங்கையில் பிறந்த சார்லட் செல்பியை வருகிறவர்களிடம் பணிப்பெண்ணாகக் காட்டிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறார்கள். சார்லட் 1937இல் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து அவருடைய உருவத்தை வரையச் செய்தபோது, ஓவியரிடம் நிறத்தை வெளுப்பாக்கித் தரும்படி மெர்ல் கேட்டாராம். ஆயா, போத்தனூர் என்று எழுதிய கை எனக்கு அந்த ஓவியத்தைத்தான் நினைவூட்டியது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. சார்லட் உண்மையில் பாட்டி. அக்கா என்று சொல்லப்பட்ட கான்ஸ்டன்ஸே பெற்ற தாய். கான்ஸ்டன்ஸின் மகன் ஹாரி, பிறப்புச் சான்றிதழைக் கண்டுபிடித்து, உறவு சொல்லிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் வரை போனபோது மெர்ல் அவரைப் பார்க்க மறுத்துவிட்டார். 1978இல் ஹோபார்ட் நகரம் தன் மகள் என்று எண்ணி அவருக்கு வரவேற்பு அளித்தது. அங்கே அவருக்கு உடல்நலம் குன்றிவிட்டது. அடுத்த ஆண்டு இறந்தார். ‘எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை’ என்பது என் வீட்டுக்கார அம்மாள் சொன்னது. அது எவ்வளவு தூரம் உண்மையோ, அந்த அம்மாளின் இரு அண்ணன்களும் இங்கிலாந்திலிருந்து ஒருமுறைகூட வரவில்லை என்பது நான் நேரில் கண்டது.

பெரம்பூர் ஆசிரியை:

நான் சட்டைக்காரி, அந்தச் சொல்லைப் பள்ளி வாசலில் கேட்டு வளர்ந்தவள். பெரிய மாமாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. ஆனால் எங்கள் வீடுகளில் வெளுப்பு என்பது அழகு சம்பந்தப்பட்டதன்று, அரிசி சம்பந்தப்பட்டது. 1791லேயே, இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படைப் பதவிகள் கிடையாது என்று கதவைச் சாத்தினார்கள். பிற்காலத்தில் ரயில்வேயில் ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், எங்களுக்கு அதற்குக் கீழே ஒன்று, இந்தியருக்கு அதற்கும் கீழே ஒன்று. ஆகவே கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் எங்களவர் பலர் தம்மை ஐரோப்பியர் என்றும், இந்தியக் கிறிஸ்தவர் சிலர் தம்மை ஆங்கிலோ இந்தியர் என்றும் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படி மேலே இடம் தேவைப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் ரயில்வே, சுங்கம், தபால் தந்தி வேலைகளில் எங்களுக்கு இருந்த ஒதுக்கீடு இரண்டு ஆண்டுக்குப் பத்து சதவீதம் வீதம் குறைந்து 1960இல் நின்றது. 1953இல் உங்கள் மாமாவின் கண்ணுக்கு அந்தக் கணக்கும் தெரிந்திருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் தாயாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமக்குத் தமிழ் தெரியாது என்றே அவர் கடைசிவரை சொன்னார். அவர் ‘பெப்பர் வாட்டர்’ என்று வைத்ததை எதிர்வீட்டு மாமி ரசம் என்றால் முகம் சிவந்துவிடும். இறப்பதற்கு முன் காய்ச்சலில் பிதற்றிய இரண்டு நாட்களும் பேசியது முழுக்கத் தமிழ். ‘அத்தே, தண்ணி குடு’ என்று யாரையோ கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களுக்குத் தெரிந்து அவருக்கு அத்தை என்று ஒருவரும் கிடையாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வரைவோலையைச் சின்ன மாமா என்ன செய்தார்?

போத்தனூர்க்காரர்:

அம்மா, நீங்கள் சொல்லும் அரிசிக் கணக்கு எனக்கும் புரிகிறது. சின்ன மாமாவும் அண்ணனைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

வரைவோலையைத் திருப்பி அனுப்பச் சொல்லி என் அம்மா பிடிவாதம் பிடித்தார். சின்ன மாமா அதை மாற்றி, கல்லறைக்குக் கருங்கல் வாங்கினார். எழுத்துக்கு இத்தனை காசு என்று கல் கொத்துபவர் கூலி பேசியதால், வாசகத்தைச் சுருக்கச் சொல்லி நாங்கள் எல்லோரும் யோசனை கூறினோம். அவர் கேட்கவில்லை. பேத்தியை அங்கே அழைத்துப் போனபோது தமிழில் இருந்ததை அவர் படித்துக் காட்டச் சொன்னார். தாயாரின் பெயர், கணவரின் பெயர், அதற்குக் கீழே ‘இவர்களின் தாய்’ என்று வெட்டி, பெரிய மாமாவின் பெயரை முதலிலும் தம் பெயரை அடுத்தும் போட்டிருக்கிறார். அந்தப் பெண் அதைத் தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அப்பாவுக்கு அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை.