காப்புரிமை, பதிப்புரிமை: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

லேத்துப்பட்டறை, கோவை:

சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். நம் கைக்கும் பைக்கும் நேர்ந்ததை எழுதலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். முதலில் என் கதை.

கிணற்றில் மோட்டார் போட்டவர்களுக்கு ஃபுட் வால்வைத் தெரியும். உறிஞ்சு குழாயின் அடியில் தொங்கும். இலையும் பாசியும் சல்லடையை அடைத்துக்கொண்டால் குழாயையே மேலே தூக்க வேண்டும். இரண்டு ஆள் கூலி, அரை நாள் போகும். நான் சல்லடையை இரண்டு அடுக்காகச் செய்து, வெளி அடுக்கை மேலிருந்தே ஒரு நைலான் கயிற்றால் சுண்டினால் அது சுற்றிப் பாசியை உதறுகிற மாதிரி கடைந்தேன். மச்சான் தோட்டத்துக் கிணற்றில் ஒரு கோடை முழுக்க ஓடியது.

பெருமை தாங்கவில்லை. ஒரு விவசாயக் கண்காட்சியில் ஸ்டால் எடுத்தேன். ஆயிரம் துண்டறிக்கை அடித்தேன். பின்பக்கம் வால்வைக் குறுக்கே வெட்டிய படம், அளவுகளோடு. "உள்படம் எதுக்குங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். "அப்பத்தான் நம்புவாங்க" என்றேன்.

எட்டு மாதம் கழித்து அதே வால்வு, வேறு பெயரில், வெளிமாநிலத்திலிருந்து கடைக்கு வந்துவிட்டது. கயிறு கட்டும் வளையம்கூட அதே இடத்தில். ஒரு காப்புரிமை முகவரிடம் ஓடினேன். "வெளியாள் கண்ணில் இது முதலில் பட்ட தேதி எது?" என்றார். துண்டறிக்கையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே அச்சடிச்சு ஆயிரம் பேருக்குக் கொடுத்திருக்கீங்க" என்றார். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஊருக்குக் காட்டிவிட்டால் அது புதுமை இல்லையாம். கண்காட்சிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும். நான் போனது ஷாமியானா போட்ட கண்காட்சி.

கதை இதோடு முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து எனக்கே வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த வால்வின் வடிவத்தை அவர்கள் டிசைன் சட்டத்தில் பதிவு செய்துவிட்டார்களாம், நான் செய்வதை நிறுத்த வேண்டுமாம்! கொதித்துப்போய் அதே முகவரிடம் போனேன். இந்த முறை அவர் சிரித்தார். "அந்தத் துண்டறிக்கை இன்னும் இருக்கா? அச்சகத்து பில்?" பீரோவில் இருந்தது. கார்பன் பேப்பர் நீலத்தில் தேதி, அச்சகக்காரர் கையெழுத்து. பதிவுக்கு முன்பே வெளியான வடிவம் என்றால் பதிவு நிற்காது. இரண்டு நகலையும் வைத்துப் பதில் அனுப்பினோம். அப்புறம் பேச்சு மூச்சில்லை.

என் உரிமையைக் கெடுத்த காகிதமேதான் என்னைக் காப்பாற்றியதும். இன்றைக்கு அந்த வால்வு யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் செய்யலாம். அதில் எனக்கு முழுக் கோபமும் வரமாட்டேன் என்கிறது. இதே கோவையில் 1955-இல் சபாபதி என்பவர் மின்சார வெட் கிரைண்டரைச் செய்தார். அது பட்டறை பட்டறையாகப் பரவி, பிற்பாடு கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று ஊர்ப் பெயரிலேயே புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பெயர் அந்த ஊர்ச் சரக்குக்கே என்ற பதிவு, வாங்கியது. எங்கள் அப்பா அந்தப் பரவலில் கிரைண்டர் உதிரிபாகம் கடைந்துதான் எங்களை வளர்த்தார். அப்போது நாங்கள் காப்பியடித்த பக்கம். இதையும் சொல்லத்தானே வேண்டும்?

வைத்தியர் மகன், நாகர்கோவில்:

அண்ணாச்சி, உங்களிடம் காகிதம் இருந்தது. எங்களிடம் அதுவும் இல்லை.

அப்பா வர்ம வைத்தியர். முறிவுக்கு ஒரு தைலம் காய்ச்சுவார். கடைசி இரண்டு மூலிகை சேர்க்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்திவிடுவார். அம்மாவுக்கே அனுமதி கிடையாது. "நேரம் வரும்போது சொல்லுவேன்" என்பார். பக்கவாதம் வந்து பேச்சு போனது. ஏழு மாதம் கிடந்தார். ஒருநாள் சிலேட்டைக் கொடுத்தேன், இடது கையால் ஒரு கோடு இழுத்தார், அவ்வளவுதான். மிச்சம் இருந்த ஒரு குப்பியை இப்போதும் வைத்திருக்கிறேன். திறந்து முகர்ந்தால் நல்லெண்ணெயும் கற்பூரமும் தெரியும், மற்றது தெரியாது.

ரகசியமாக வைத்துக் காப்பதும் ஒருவகை அறிவுசார் சொத்துதான், இல்லை என்று சொல்லவில்லை. காப்புரிமையில் பேரம் வேறு மாதிரி: 20 வருடம் நீ தனியாக அனுபவி, பதிலுக்குச் செய்முறையை முழுசாக எழுதிக் கொடு. எழுதினது பொதுப் பார்வைக்கு வந்துவிடும். அப்பாவுக்கு அது தெரிந்திருந்தால் எழுதியிருப்பாரா? சந்தேகம்தான். ஆனால் பாட்டன் காலத்துச் செய்முறைக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடைக்காது, மரபறிவைக் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு விலக்கிவிடுகிறது. சரி, அப்படியானால் யாராவது எடுத்துக்கொண்டு போய் வெளிநாட்டில் வாங்கினால்?

மஞ்சளுக்கு அதுதான் நடந்தது. 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். கண்டுபிடிப்பாளர்கள் என்று போட்டிருந்த இரண்டு பேரும் இந்திய வம்சாவளியினர். முழங்காலில் சிராய்ப்பு வந்தால் ஆச்சி என்ன செய்வாள் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து மனுப் போட்டது. ஆச்சி சொன்னாள் என்பதை அங்கே ஏற்கமாட்டார்கள், அச்சில் வேண்டும். 32 சான்றுகள் தேடிக் கொடுத்தார்கள். அதில் 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் ஒன்று. 1997 ஆகஸ்டில் காப்புரிமை ரத்தானது.

அதற்குப் பிறகுதான் மரபறிவு மின்னூலகம் என்று ஆரம்பித்து ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவ நூல்களில் உள்ள செய்முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் மாற்றி வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி செய்தார்கள். நம் சித்தர் பாடலில் உள்ள தைலம் ஜப்பானிய மொழியில் இருப்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. அப்பாவின் தைலம் எந்த மொழியிலும் இல்லை.

பழைய டிடிபி, திருவல்லிக்கேணி:

டிடிபி என்றால் கணினியில் புத்தகப் பக்கம் அடித்துக் கொடுக்கும் வேலை. அதில் நான் பார்த்தது எழுத்தையே பூட்டி வைத்த கதை.

தொண்ணூறுகளில் கணினிக்குள் எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதற்கு ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு குறியீடு. ஒருவன் எழுத்துருவில் அடித்ததை இன்னொருவன் எழுத்துருவில் திறந்தால் 'க' இருந்த இடத்தில் கொக்கியும் குறியும் நிற்கும். சில எழுத்துருக்களுக்கு டாங்கிள் என்று ஒரு கட்டை தருவார்கள், அதைக் கணினியின் பின்னால் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். எங்கள் அச்சகத்தில் ஒரு கட்டை, மூன்று கணினி. சாப்பாட்டு நேரத்துக்கு ஒருவர் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்.

2011-இல் ஒரு பெரியவர் வந்தார். தன் புத்தகத்தை மறுபதிப்புப் போட வேண்டும், நீங்கள்தானே அடித்தீர்கள் என்றார். சிடி இருந்தது, கோப்பும் திறந்தது, எழுத்து மட்டும் இல்லை. அந்த எழுத்துருவைச் செய்தவர்கள் கடையை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. கட்டையும் செத்துவிட்டது. 240 பக்கத்தை மறுபடி கையால் அடித்தோம். அவர் எழுதியது, அவருக்கே பதிப்புரிமை, ஆனால் அவரால் படிக்க முடியவில்லை!

அதே காலத்தில் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டார்கள். குறியீடு மாறும்போதெல்லாம் அவர்களும் மாற்றி, எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காசுக்கு அடித்தது போய்விட்டது, சும்மா கொடுத்தது நிற்கிறது. எழுத்துரு செய்தவனுக்கும் வயிறு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த 'ழ'வின் வளைவை வரைவது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். வளைவுக்குக் காசு வாங்கட்டும், குறியீட்டைப் பூட்டியதுதான் வினை.

கொக்குவில், யாழ்ப்பாணம்:

டிடிபி அண்ணை சொன்னதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. எங்கட ஊர் வாத்தியார் ஒருவர் எழுபதுகளில் ஊர் வரலாறு எழுதி அச்சிட்டவர். ஒரு பிரதிதான் மிச்சம், கரையான் ஓரத்தைத் தின்றுவிட்டது. 2005-இல் தொடங்கின 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வாத்தியார் இல்லை. இலங்கையில் ஆசிரியர் இறந்து 70 வருடம் பதிப்புரிமை, ஆகவே பிள்ளைகளின் சம்மதம் வேண்டும். ஒருவர் டொரொன்டோ, ஒருவர் பாரிஸ், ஒருவர் கொழும்பு. மூத்தவரும் இளையவரும் காணி விசயத்தில் கதைக்கிறதில்லை. ஒரு கையெழுத்துக்கு இரண்டு வருடம் நடந்தேன். கடைசியில் பாரிஸ் அக்கா, "அப்பா யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார்" என்று எழுதி அனுப்பினா. மற்ற இருவரும் அதைப் பார்த்தே கையெழுத்து வைத்தார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். ஒரே பிரதி என்ற சொல்லைக் கேட்டாலே பயம்.

கோவில்பட்டிக்காரி:

எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வெடி போட்டார்கள். போன மாதம் சென்னையில் ஒரு கடையில் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' பாக்கெட் வாங்கினேன். செய்த இடம் வேறு மாவட்டம், பாகு பல்லில் ஒட்டுகிறது, மேலே தூவும் கலர் தேங்காய்த்துருவலும் இல்லை. ஊரில் மிட்டாய் போடும் சித்தப்பாவிடம் சொன்னால், "நாமளே இன்னும் பதிஞ்சுக்கலையே தாயி" என்கிறார். குறியீடு ஊருக்கு வந்துவிட்டாலும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனியாக 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிய வேண்டுமாம். பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. சித்தப்பா அடுப்பை விட்டு நகரமாட்டார்.

மாத்திரை எண்ணுகிறவள், திருச்சி:

அப்பாவுக்கு 2008-இல் ரத்தப் புற்று, சி.எம்.எல். வகை. இமாட்டினிப் மாத்திரை தினமும், ஆயுசுக்கும். அப்போது கிளிவெக் என்ற பெயரில் வாங்கினால் மாதம் 1,20,000 ரூபாய் அளவில் ஆனது, இந்தியத் தயாரிப்பு என்றால் 8,000 சுற்றுவட்டம். நாங்கள் எதை வாங்கினோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வித்தியாசத்தைத் தீர்மானித்த கோப்பு சென்னையில்தான் இருந்தது. கிளிவெக் கம்பெனியான நோவார்ட்டிஸ் 1998-இல் இங்கே போட்ட விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, குணப்படுத்தும் திறன் கூடினால் ஒழிய, காப்புரிமை இல்லை என்கிறது அதே சட்டத்தின் 3(d) பிரிவு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஏப்ரல் 1-இல் தள்ளுபடி ஆனது. அன்றைக்கு அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து, "முட்டாள்கள் தினத்தில் சொல்கிறானே, நிஜமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஆனாலும் என்னை உறுத்துகிற ஒன்று உண்டு. அந்த மாத்திரையே வராமல் இருந்திருந்தால் 8,000 ரூபாய்க்கு எதை வாங்கியிருப்போம்? யாரோ பல வருடம் ஆய்வகத்தில் உட்கார்ந்ததால்தான் அது வந்தது, யாரோ அதற்குப் பணம் போட்டார்கள். அப்பா இன்றைக்கும் காலையில் மாத்திரை போட்டுவிட்டுத்தான் பேப்பர் படிக்கிறார். இதில் ஒரு பக்கம் நின்று கத்த என்னால் முடியவில்லை.

கடைசி வருடம், இ.சி.இ.:

எல்லாவற்றையும் படித்தேன், பயமாக இருக்கிறது. நானும் என் நண்பனும் இட்லி மாவு புளித்துவிட்டதா என்று சொல்லும் ஒரு மூடி செய்திருக்கிறோம். மாவிலிருந்து வரும் வாயுவை சென்சார் அளக்கும், பச்சை விளக்கு எரிந்தால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெள்ளிக்கிழமை கல்லூரியில் எக்ஸ்போ. போஸ்டரில் சர்க்யூட் முழுசாக இருக்கிறது. துறையில் மூன்று பேராசிரியர்கள் பெயரையும் கண்டுபிடிப்பாளராகப் போடச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் மூடியைப் பார்த்ததுகூட இல்லை.

லேத்துப்பட்டறை, கோவை:

தம்பி, இன்றைக்குச் செவ்வாய். போஸ்டரை மடித்து வை. காப்புரிமைக்கு முதலில் போட்டுவைக்கும் தற்காலிக விவரக்குறிப்பு என்று ஒன்று உண்டு, தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய். என்ன செய்தீர்கள், எப்படி வேலை செய்கிறது என்று படத்தோடு எழுதிப் போடு. முதலில் போட்ட தேதி உனக்கு நின்றுவிடும். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் இருக்கிறது. அதற்குள் விற்குமா, யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார். ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு, 1,600-ஓடு போகட்டும்.

பெயர் விஷயத்தில், யோசனை சொன்னவர்தான் கண்டுபிடிப்பாளர். பார்க்காதவர் பெயரைப் போட்டால் பின்னால் வம்பு. கல்லூரி விதியில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றும் பார். இன்னொன்று, விண்ணப்பம் 'பப்ளிஷ்' ஆனதற்கே ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள் சில கல்லூரிகளில். 18 மாதத்தில் விண்ணப்பம் தானாக வெளியாகும், அதற்கு முன்பே வேண்டுமென்றால் கட்டணம் கட்டி மனுப் போட்டால் போதும். யாரும் பரிசோதித்துப் பார்த்ததாக அர்த்தம் இல்லை. ஏமாந்துவிடாதே.

கடைசி வருடம், இ.சி.இ.:

போட்டாச்சு அண்ணா. வியாழன் இரவு 11.40. படத்தை ஸ்கேன் பண்ணும்போது கரண்ட் போய்விட்டது, நண்பன் மொபைலில் எடுத்ததையே ஏற்றினோம். என் பெயரும் அவன் பெயரும் மட்டும். ஒரு பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. எக்ஸ்போவில் பச்சை விளக்கு எரியவே இல்லை, கேன்டீனில் வாங்கின மாவில் சோடா உப்பு போட்டிருந்தார்களாம்.

லேத்துப்பட்டறை, கோவை:

விண்ணப்ப எண் வந்த ரசீதை அச்செடுத்து பீரோவில் வை. போஸ்டர் அடித்த பில்லையும்.