பினாங்கு சுவர் ஓவியங்கள்: போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நாங்கள் இலங்கையில் ஹட்டன் பக்கம். டிசம்பர் லீவுக்கு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலேசியாவில் உள்ள பினாங்கு போகிறோம். அங்கே ஜார்ஜ் டவுன் நகரில் எர்னஸ்ட் சகரேவிச் என்ற ஓவியர் 2012இல் வரைந்த சுவர் ஓவியங்கள்தான் முக்கிய காரணம். ஆர்மேனியன் தெருவில் நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரோடு பொருத்தி, அக்கா ஓட்ட, பின்னால் தம்பி சிரித்தபடி அவளை இறுக்கிப் பிடித்திருப்பதுபோல் வரைந்திருக்கிறார். பக்கத்தில் போய் நின்றால் நாமும் படத்துக்குள் ஒரு ஆள். மகளுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை.

கூட்டம் சேரும் முன் படம் எடுக்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்த ஓவியமும் இருக்கிறது. முழங்கால் வலியோடு அம்மா அதுவரை நடப்பது சரிவருமா, ரிக்‌ஷா பிடிப்பது நல்லதா?

அப்புறம் இன்னொன்று. எங்கள் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளிச் சுவரிலும் இப்படி ஒன்று செய்ய நினைக்கிறோம். நிஜக் கொழுந்துக் கூடையைச் சுவரில் பொருத்தி, பிள்ளைகள் அதைத் தோளில் மாட்டியதுபோல் நிற்கலாம். சுண்ணாம்பு அடித்த பழைய சுவர், மழைக்காலத்தில் ஈரம் கசியும். அதில் உரியாமல் நிற்கிற பெயின்ட் எது? முதலில் என்ன பூச வேண்டும்? சுவரில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.