பழைய சின்ன காருக்கு சிஓஇ நீட்டிக்கவா, சியென்டாவுக்கு மாறவா?

ஈசூன்வாசி:
வணக்கம். என்னிடம் 1300 சிசி ஹாட்ச்பேக், சிவிடி கியர் (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்), சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் பத்து வருஷ உரிமம்) சீக்கிரம் முடியப்போகிறது. காலையில் வண்டி நகரும்போதும், மல்டி ஸ்டோரி கார்பார்க் மேட்டில் மெதுவாக ஏறும்போதும் வண்டி முழுக்க நடுங்குகிறது, வேகம் எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை. ஒரு வொர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் ஆறு பேர், அதில் மூன்று பிள்ளைகள், மூட்டு வலியோடு அம்மா. இப்போது தேக்காவுக்குப் போனால்கூட அம்மா தனியாக டாக்சியில் வருகிறார், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. செலவு செய்து இதையே வைத்துக்கொள்ளலாமா?

ஆயில்கை:
அண்ணே, கியர்பாக்ஸ் வரைக்கும் போகாதீங்க. நகரும்போது மட்டும் நடுக்கம் என்றால் முதலில் சிவிடி ஆயிலைப் பாருங்கள், கருத்துப்போயிருந்தால் மேனுவலில் போட்டிருக்கும் அதே வகை ஆயிலை ஊற்றச் சொல்லுங்கள், "எல்லா வண்டிக்கும் சேரும்" என்று சொல்லும் ஆயில் வேண்டவே வேண்டாம். அப்புறம் இன்ஜின் மவுண்ட், அதாவது இன்ஜினைத் தாங்கும் ரப்பர். பிரேக்கை மிதித்தபடி டி (டிரைவ்) கியரில் நிற்கும்போதும் நடுங்கினால் பெரும்பாலும் மவுண்ட்தான். இரண்டுமே கியர்பாக்ஸ் விலையில் ஒரு துளி.

தமக்கை_சுவாசூகாங்:
தம்பி, நடுக்கம் சரியானாலும் ஆறு பேர் ஐந்து சீட்டில் உட்கார முடியாதே! சிஓஇ கணக்கையும் பாருங்கள். ஐந்து வருஷம் நீட்டித்தால் பிக்யூபி-யில் (கடந்த மூன்று மாத சிஓஇ விலையின் சராசரி) பாதி கட்டினால் போதும், ஆனால் அதற்குப் பிறகு மறுபடி நீட்டிக்க விடமாட்டார்கள். எத்தனை வருஷம் நீட்டித்தாலும் பார்ஃப் பணம் (பத்து வயசுக்குள் வண்டியைப் பதிவு நீக்கினால் அரசாங்கம் திருப்பித் தருவது) போய்விடும். பத்து வயசு தாண்டினால் ரோடு டாக்ஸில் 10% கூடுதல், வருஷா வருஷம் ஏறி 50% வரை போகும், இன்ஸ்பெக்‌ஷனும் வருஷாவருஷம்.

நாங்கள் ஏழு சீட் டொயோட்டா சியென்டா ஹைப்ரிட் வைத்திருக்கிறோம். அகலம் 1695 மி.மீ.தான், உங்கள் சின்ன கார் நிற்கிற இடத்தில் இதுவும் நிற்கும். சறுக்குக் கதவு இருப்பதால் பக்கத்து வண்டி ஒட்டி நின்றாலும் என் மாமியார் காலை முழுசாக வெளியே வைத்து இறங்குகிறார், அதற்காகவே இந்த வண்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஈசூன்வாசி:
நன்றி அக்கா. மூன்று பிள்ளைகளும் இன்னும் 1.35 மீட்டர் உயரம் வரவில்லை, மூவருக்கும் சைல்டு சீட் வேண்டும். எப்படி உட்கார வைப்பது?

தமக்கை_சுவாசூகாங்:
ஐசோபிக்ஸ் (சைல்டு சீட்டை மாட்டும் கொக்கி) நடு வரிசையில்தான். கடைக்குட்டியின் சீட்டை அங்கே ஒரு பக்கம் மாட்டுங்கள், இன்னொரு பக்கம் கதவோரம் அம்மா. மூத்த பிள்ளைகள் இருவரும் பூஸ்டரோடு (உட்காரும் உயரத்தைக் கூட்டும் சீட்) கடைசி வரிசை, அம்மா ஏறுவதற்கு முன் அவர்கள் ஏறிவிட வேண்டும், ஏனென்றால் சீட் மாட்டிய பக்கத்தை மடக்க முடியாது, அம்மா பக்கத்தை மடக்கித்தான் பின்னால் போக வேண்டும். கடைசி வரிசையை விரித்தால் பின்னால் சாமான் வைக்க இடம் கொஞ்சம்தான், மலாக்கா போனால் ஸ்ட்ரோலரும் பெட்டியும் சேர்ந்து போகாது. பழைய சியென்டா பார்த்தால் மொத்த விலையில் மயங்காதீர்கள், பார்ஃப் கழித்து மிச்ச வருஷத்தால் வகுத்துப் பாருங்கள்.

ஆயில்கை:
ஆயில் மட்டும் இந்த வாரமே மாற்றிடுங்க அண்ணே. விற்பதானாலும் நடுங்குகிற வண்டிக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.

ஈசூன்வாசி:
சரி. சனிக்கிழமை ஆயிலும் மவுண்டும் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, மூன்று சைல்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு ஷோரூம் போகிறேன்.