விமானத்தில் லேப்டாப் வைஃபை: திருச்சிக்குக் கிளம்புமுன் முடிக்க வேண்டியவை

(நான்கு ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதியது.)

காரைக்குடியிலிருந்து:

திருச்சி–சிங்கப்பூர் சுமார் நாலு மணி நேரம். அதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் தூக்குமுன் அந்த விமானத்தில் இன்டர்நெட் உண்டா என்று பாருங்கள். கம்பெனி பெயரை நம்பிப் பயனில்லை. ஒரே கம்பெனியில் ஒரு விமானத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சிலவற்றில் வைஃபை பெயர் தெரியும், சிக்னல் முழுசாக நிற்கும், ஒரு பக்கமும் திறக்காது. விமானத்துக்குள் இருக்கும் சர்வர் என்னும் கணினியிலிருந்து படமும் பாட்டும் காட்டுவதற்கு மட்டும் வைத்த வைஃபை அது. வெளியே போக வழியே கிடையாது.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் மாறி ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு ஒன்று: சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2023 ஜூலை முதல் கிரிஸ்ஃபிளையர் (அதன் பயணிகள் சலுகைத் திட்டம்) உறுப்பினர்களுக்கு எல்லா வகுப்பிலும் வைஃபை இலவசம். உறுப்பினராகவும் காசு இல்லை. எண்ணை டிக்கெட்டில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

காரைக்குடி அண்ணன் சொன்னதோடு ஓடிபி விஷயத்தையும் சேர்க்க வேண்டும். மேலே போய் வைஃபைக்குக் கார்டில் காசு கட்டினால் வங்கி எஸ்எம்எஸ் அனுப்பும். போன் ஃபிளைட் மோடில் இருப்பதால் அது வராது. மெயிலில் வரும் ஓடிபியைப் பார்க்கலாமென்றால், காசு கட்டாமல் மெயில் திறக்காது. ஆகவே முன்பதிவில் வைஃபை வாங்க வழி கொடுத்திருந்தால் வீட்டிலேயே வாங்கிவிடுவதுதான் சரி.

இந்திய வான்வெளியில் 3,000 மீட்டர் உயரம் தாண்டிய பிறகே வைஃபை தர அனுமதி. ஓடுபாதையிலேயே தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து:

வைஃபையில் சேர்ந்ததும் உள்ளே நுழையத் தானாக வர வேண்டிய லாகின் பக்கம் வராததுதான் பெரிய தொல்லை, காரணம் தெரிந்தால் இரண்டு நிமிஷ வேலை. நாம் கேட்கும் முதல் பக்கத்தை விமானத்து சர்வர் வழிமறித்துத் தன் பக்கத்தைக் காட்ட வேண்டும். எச்டிடிபிஎஸ் (பூட்டுப் போட்ட, பாதுகாப்பான) பக்கத்தை அப்படி மறித்தால், தளத்தின் அடையாளச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். அதனால் பூட்டு இல்லாத சாதா எச்டிடிபி பக்கம் ஒன்றைத் திறக்க வேண்டும்; நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் இதற்கென்றே இருக்கிறது. அதற்கும் வரவில்லையென்றால் இன்டர்நெட் போக்குவரத்தை மறைத்து வேறு வழியாக அனுப்பும் விபிஎன்னை நிறுத்துங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அது தானாகவே ஓடும், லாகினுக்கு முன் அதற்கும் வழியில்லை, லாகினையும் விடாது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 என்று கையால் போட்டிருந்தால் 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாற்றுங்கள். பிரவுசரில் 'செக்யூர் டிஎன்எஸ்' இருந்தால் அதையும் அணையுங்கள். உள்ளே போன பிறகு விபிஎன்னைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' என்று ஒன்று உண்டு; லேப்டாப்பின் வைஃபை அடையாள எண்ணை (அட்ரஸ்) மாற்றிக் காட்டும் வசதி அது. வாங்கிய வைஃபை அந்த அட்ரஸில்தான் பதிவாகும் என்பதால், நடுவில் அது மாறினால் சர்வருக்கு நீங்கள் புது ஆள், மறுபடி காசு கேட்கும். பயணம் முடியும்வரை அணைத்தே வையுங்கள்.

வைஃபை பெயரைச் சீட் அட்டையிலோ பணிப்பெண்ணிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள். விமானத்திலேயே போலி வைஃபை வைத்து மெயில், பாஸ்வேர்டு திருடியதாக ஆஸ்திரேலியக் காவல்துறை 2024இல் ஒருவர் மீது வழக்குப் போட்டது. லாகின் பக்கம் உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கேட்டால் உடனே வெளியேறுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

வேகத்தைப் பற்றி. விமானத்துக்கு இன்டர்நெட் தரும் பழைய வகை சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் வர அரை வினாடிக்கு மேல் ஆகும். வீடியோ காலும், வேறொரு கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பும் இதில் உருப்படாது. மெயிலும் வாட்ஸப் எழுத்தும் நன்றாகவே போகும். ஸ்டார்லிங்க் போல 550 கிலோமீட்டர் அளவில் சுற்றுபவற்றில் இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது.

எம்பி கணக்கில் வாங்கினால், டேட்டாவை அளந்து செலவழிக்கும்படி அந்த வைஃபையை 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' ஆக்குங்கள். ஃபைல்களைத் தானாக ஏற்றி இறக்கும் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு அப்டேட்டே மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

காரைக்குடியிலிருந்து மறுபடியும்:

சார்ஜை விட்டுவிட்டோம். சீட்டில் யூஎஸ்பி மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் போனுக்குத்தான் போதும், லேப்டாப் ஏறாது. பவர்பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். அனுமதி கேட்காமல் கொண்டுபோக 100 வாட்-ஹவர் (பேட்டரி கொள்ளளவின் அளவு) வரை. 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-ஹவர். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் அதன் மலிவுக் கட்டணக் கம்பெனியான ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர்பேங்கில் சார்ஜ் போடத் தடை. லேப்டாப்பை முழுசாக ஏற்றிக்கொண்டே கிளம்புங்கள்.