புதுப்பிப்பு: ஹெபடைடிஸ் சி போய்விட்டது

ஏழு மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: ஹெச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. (வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) எடுக்கும் எனக்கு ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் தொற்றும் வந்திருக்கிறது, இரண்டு மருந்தும் ஒத்துப்போகுமா என்று. ஊசி போட்டுக் காய்ச்சலில் படுக்கவைப்பார்கள் என்று ஓர் அண்ணன் பயமுறுத்தினார். அது பழைய இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்துக் கதை அண்ணே.

எனக்குக் கொடுத்தது சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மாத்திரை. தினம் ஒரு வேளை, 12 வாரம். அரசுத் திட்டத்தில் இலவசம். டாக்டர் முதலில் என் ஏ.ஆர்.டி. சீட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். ஏ.ஆர்.டி.யில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து எடுப்பவர்களுக்கு டக்லடாஸ்விரை 60 மி.கி.யிலிருந்து 90 ஆகக் கூட்ட வேண்டுமாம். நான் அதற்குப் பதில் டோலுடெக்ராவிர் என்ற மருந்துக்கு மாறியிருந்ததால் 60 போதும் என்றார். மதுரை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறும்போது மாத்திரை டப்பாவைக் கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றிக்கொள்வேன், கிலுகிலுக்காமல் இருக்க.

முடித்து 12 வாரம் கழித்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்த்தார்கள். வைரஸ் இல்லை!

அப்புறம் ஒரு கூத்து. வேறு விஷயமாக ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுத்தால், 'ஹெச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி வைரஸ்) பாசிட்டிவ்'. கை நடுங்கிவிட்டது. விசாரித்தால் அது ஆன்டிபாடி டெஸ்ட், வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய புரதத்தைப் பார்ப்பது; குணமான பிறகும் பாசிட்டிவாகவே காட்டுமாம். வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான் கணக்கு. மறுபடி தொற்றலாம் என்பதால் வருஷம் ஒரு தடவை அதை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.