புறநகரிலிருந்து நகர வேலைக்கு: பைக்கா, ரயிலா?

கேள்வி: வீட்டிலிருந்து அலுவலகம் 45 கிலோமீட்டர். பைக்கில் ஒன்றரை மணி நேரம். போய்ச் சேரும்போதே இடுப்பு விட்டுப்போகிறது. ரயிலுக்கு மாறலாமா?

பதில்: தாராளமாக மாறுங்கள். நானும் ஆறு வருடம் பைக்கில்தான் போனேன். தினமும் 3 மணி நேரம் என்றால் 22 வேலை நாளுக்கு 66 மணி நேரம். அத்தனையும் கண்ணை ரோட்டில் வைத்தபடி. ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் கொஞ்சம் கண்ணயரலாம். ஆனால் ரயில் ஓடும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வாசலில் செருப்பு மாட்டுவதிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும்வரை கணக்குப் போடுங்கள்.

இன்னொரு பதில்: கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள். வேலை இழுத்துவிட்ட ஒரு ராத்திரி, காலி பிளாட்பாரத்தில் தனியாக நின்றிருக்கிறேன்.

கேட்டவர்: சரி, ஸ்டேஷன் வரை பைக், அப்புறம் ரயில். திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் போய்ப் பார்க்கிறேன்.