அம்மா தேயிலை மலைக்கு வேலைக்குப் போன பின் பிள்ளையைப் பார்ப்பவருக்கு எப்படிப் பயிற்சி அளிப்பது?

கேள்வி: தலவாக்கலை, சிறுவர் அபிவிருத்தி நிலையப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனில் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் நால்வர் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஆட்டிசம் என்றும் இன்னொருவருக்கு டவுன் சிண்ட்ரோம் என்றும் வைத்தியர் கூறியுள்ளார். மற்ற இருவருக்கும் பேச்சு வரவில்லை, காரணமும் இன்னும் தெரியவில்லை. கிளினிக்குக்குப் போனால் தாயின் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும் என்பதால் இடையிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே பராமரிப்பவர்களுக்கு இங்கேயே பயிற்சி வழங்க விரும்புகிறேன். ஆனால் தாய்மார் காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போனால் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் வீடு திரும்புவார்கள். பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் பாட்டிமாரான அம்மாயியோ அப்பாயியோதான். முன்பொருமுறை வெளியிலிருந்து வந்தவர்கள் படம் போட்டு விளக்கினார்கள்; எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்கள், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எதுவும் மாறவில்லை. நான் யாரை அழைப்பது, எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1: ஹட்டன், பராமரிப்பாளர் பயிற்றுநர்

வணக்கம் டீச்சர். பகலில் பிள்ளையோடு இருப்பவரைத்தான் முதலில் அழைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாயையும் சேருங்கள், ஆனால் தாய்க்கு லீவு கிடைக்கும்வரை அம்மாயியைக் காக்கவைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கெனவே ஒரு பயிற்சியை உருவாக்கி 2022இல் வெளியிட்டது. 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளின் குடும்பங்களுக்கான அதில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் உள்ளன. நிபுணர் அல்லாதவரும் உரிய பயிற்சியும் மேற்பார்வையும் பெற்று இதனை நடத்தலாம் என்பதும், பிள்ளைக்கு இன்ன குறைபாடு என்று வைத்தியர் எழுதித் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதும் நம்மைப் போன்ற இடங்களுக்குப் பெரிய வசதி.

விளக்கவுரை பயன் தராததற்குக் காரணம், கேட்டதைச் செய்துபார்க்க அங்கே இடமில்லாததுதான். ஒவ்வொரு அமர்விலும் ஒரே ஒரு திறனை எடுத்து, நீங்கள் செய்துகாட்டி, அவர்களைச் செய்யவைத்து, அந்த வாரம் வீட்டில் எந்த வேலையின்போது செய்வார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் நடக்காது; குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் என்றால் நடக்கும்.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பேசாத பேரன் பிஸ்கட் வேண்டுமென்றால் அழுவான், அப்பாயியும் அழுகை தொடங்குமுன்பே எடுத்துக் கொடுத்துவிடுவார். பிஸ்கட்டைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடியை இறுக்கி, அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொன்னோம். திறக்க முடியாமல் அவன் போத்தலைக் கொண்டுவந்து நீட்டியபோது, அவர் உடனே திறக்காமல் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "திற" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவன் மூடியைத் தட்டினான். அதுவே கேட்பது என்று எடுத்துக்கொண்டு திறந்து கொடுத்தார். வாயிலிருந்து சொல் வருமுன் கையும் கண்ணும் பேசத் தொடங்க வேண்டும். அதைக் கவனித்து உடனே பதில் தருவதுதான் முதற்பயிற்சி.

பதில் 2: பண்டாரவளை, ஒரு தகப்பன்

என் மகளுக்கு ஏழு வயது. பீலியில் (தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) கை கழுவுவதை எங்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள்: கையை நனைப்பது, சவர்க்காரம் தேய்ப்பது, அலசுவது, துடைப்பது. முதல் மூன்றையும் நாங்கள் கைபிடித்துச் செய்துவிட்டு, கடைசியாகத் துடைப்பதை மட்டும் அவளிடம் விட்டோம். அது பழகிய பிறகு அலசுவதையும் விட்டோம். முடித்தது தானே என்ற மகிழ்ச்சி அவளுக்கு ஒவ்வொரு முறையும் கிடைத்தது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். "முற்பிறப்பின் பாவம்" என்று பக்கத்து லயத்தார் சொல்லும் பேச்சைத் தாய்தான் தனியே சுமக்கிறாள். குழுவில் அவள் மனம்விட்டுப் பேச நேரம் கொடுங்கள், தகப்பன்மாரையும் கட்டாயம் அழையுங்கள்.

பதில் 3: பதுளை, குடும்பநல உத்தியோகத்தர்

பயிற்சி அவசியமே, ஆயினும் அது வைத்தியத்துக்கு மாற்றாகாது. பேச்சு வராத இரு பிள்ளைகளுக்கும் முதலில் செவிப்புலனைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். காது கேளாத பிள்ளைக்கு வேறுவிதமான உதவி தேவை. வலிப்பு வந்தாலோ, பேசிய சொற்களையும் பழகிய செயல்களையும் பிள்ளை இழந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டுடன் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தித்தால், அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக அனுப்பிவைப்பார். கிளினிக்கில் சிங்களத்தில் சொல்வது பாட்டிமாருக்கு விளங்காமல் போவதுண்டு; செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள், அல்லது மொழி தெரிந்த ஒருவரை உடன் அனுப்புங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. செவிப்புலன் பரிசோதனைக்கு இவ்வாரமே பேசுகிறேன். அமர்வுகளை ஞாயிறு காலையில் நிலையத்திலேயே வைத்து, அதற்கு முன் நான்கு வீடுகளுக்கும் போய், பிள்ளை எதில் விருப்பம் காட்டுகிறது, யாரோடு நாளைக் கழிக்கிறது என்று பார்த்து வரப்போகிறேன். ஹட்டன் ஐயா, வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்குப் படங்கள் வரைந்து கொடுத்தால் போதுமா?

பதில் 1 தொடர்ச்சி

போதும் டீச்சர். ஒரு தாளில் ஒரு செயல் மட்டும், அவர்கள் வீட்டு இஸ்தோப்பும் (முன் திண்ணையும்) பீலியும் தெரியும்படி வரையுங்கள்.